உரையாடல் பத்தியைப் படித்து விடையளிப்பது எப்படி? மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்த் தேர்வில் ‘பின்வரும் உரைப்பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடை தருக’ என்னும் பகுதியைக் கண்டவுடன், விடை முழுவதும் கண்ணெதிரே இருக்கிறது, எடுத்து எழுதினால் போதும் என்று பெரும்பாலான மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். கட்டுரை நடையில் அமைந்த பத்திக்கு அந்த எண்ணம் ஓரளவு பொருந்தும். இருவரோ மூவரோ பேசிக்கொள்வதாக அமைந்த பத்திக்கு அது பொருந்தாது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் வேறொன்றைச் சொல்வதுதான் மனிதர் பேச்சின் இயல்பு. அந்த வேறொன்றிலிருந்து உண்மைப் பதிலைக் கண்டுபிடிக்கும் மாணவருக்கே முழு மதிப்பெண் கிடைக்கிறது.

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பகுதிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் தமிழ் கற்பித்து வருகிறேன். இதற்கான கருவி பிள்ளைகளின் கையிலேயே இருந்தும் அவர்கள் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதை அடிக்கடி காண்கிறேன். பத்தாம் வகுப்பில் வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று மனப்பாடம் செய்கிறார்கள். இலக்கண வினாவுக்கு அதைப் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள். அதே வினாத்தாளில் உள்ள உரையாடல் பத்தியைப் படிக்கும்போது மட்டும் அந்த எட்டையும் மறந்துவிடுகிறார்கள். பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துத் தந்த அந்தப் பாகுபாடு, பேச்சைப் புரிந்துகொள்வதற்காக எழுந்ததே.

விளக்கத்துக்காக நானே எழுதிய ஒரு பத்தியைக் கீழே தருகிறேன். முதலில் இதை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள்.

தடைக்காலம் தொடங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. காசிமேட்டிலிருந்து திரும்பிய முனியம்மா, வாசலில் கூடையை இறக்கினாள். தெருவில் கேரம் ஆடிக்கொண்டிருந்த கதிர் எழுந்து வந்தான்.

“இன்னா ஆயா, இன்னைக்கும் சங்கராதானா?”

“வஞ்சிரம் வெல கேட்டியா நீ?”

“சரி வுடு. நாளைக்கு நானும் வரேன். கூட தூக்கறேன்.”

“நாளைக்கு உனக்குப் பரிட்சையாமே.”

கதிர் கூடையின் மேலிருந்த ஈரச் சாக்கை எடுத்து உதறினான். “அப்பா வந்துச்சா?”

“போட்டு கட்டிக் கெடக்கு. வலை தைக்கப் போயிருக்கான், ராத்திரி ஆவும்.”

எதிர்வீட்டுச் செல்வி கிண்ணத்தோடு வந்து நின்றாள். “வாக்கா” என்றான் கதிர்.

“கணக்குப் பரிட்சைக்குப் படிக்காம இங்க இன்னா பண்றே?” என்றவள், முனியம்மாவின் பக்கம் திரும்பினாள். “ஆயா, அரைக் கிலோ போடு. காசு ஒண்ணாந்தேதி.”

“உனக்கு எப்பனா இல்லேன்னு சொல்லிக்கிறேனா?”

கதிர் செல்வியைப் பார்த்தான். “நீங்கதான் ஆயாகிட்ட சொன்னீங்களா?”

“நான் சொல்லாட்டி நீ சொல்லுவியா?”

முனியம்மா தராசை எடுத்தாள். “நாம அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல போய்ப் புஸ்தகத்த எடு.”

முதல் படி: வினாக்களைப் படித்த பிறகு பத்திக்கு வருதல்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிப்பதற்கென்றே 10 நிமிடம் தனியாகத் தரப்படுகிறது. அந்த நேரத்தில் எழுத முடியாது என்பதால் பலர் தாளைப் புரட்டிப் பார்த்து, தெரிந்த வினாக்களை எண்ணிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். உரையாடல் பத்தி வந்திருந்தால், அதன் கீழுள்ள வினாக்களை அப்போதே படித்து, ‘யார்’ என்று கேட்பவை எவை, ‘ஏன்’ என்று கேட்பவை எவை, ‘இக்கூற்றால் நீ அறிவது யாது’ என்று கேட்பவை எவை எனப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வகைக்குப் பெயர்கள் வேண்டும். இரண்டாம் வகைக்குக் காரணத்தைத் தேட வேண்டும். மூன்றாம் வகைக்கான விடை எந்த வரியிலும் அப்படியே எழுதப்பட்டிருக்காது.

இரண்டாம் படி: ஒவ்வொரு கூற்றுக்கும் உரியவரைக் குறித்தல்

எழுத்துத் தமிழில் ‘என்றான்’, ‘என்றாள்’, ‘என்று கேட்டார்’ போன்ற சொற்கள் பெரும்பாலும் கூற்று முடிந்த பிறகுதான் வருகின்றன. ஒரு கூற்றைப் படித்து முடிக்கும் வரை அதைச் சொன்னவர் யார் என்பது தெரியாமலே போகலாம். இதனால் முதல் வாசிப்பிலேயே பென்சிலால் ஓரத்தில் மு, க, செ என்று முதலெழுத்துகளை இட்டுக்கொண்டு போவது நல்லது.

‘என்றான்’ என்பதே இல்லாத வரிகளில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசுகிறார் என்று கொள்ளலாம். ஆனால் மூன்றாவது ஆள் உள்ளே வந்த நொடியிலிருந்து அந்தக் கணக்கு செல்லாது. மேலே உள்ள பத்தியில் செல்வி வரும் வரை கதிர், முனியம்மா என்று மாறி மாறி வருகிறது. செல்வி வந்த பிறகு ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. “உனக்கு எப்பனா இல்லேன்னு சொல்லிக்கிறேனா?” என்பது கதிரிடம் சொல்லப்பட்டது என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. அதற்கு முந்தைய கூற்று ‘ஆயா’ என்ற விளியோடு செல்வியிடமிருந்து வந்ததைப் பார்த்தால் அந்தக் குழப்பம் நேராது. விளி, விடைக்கு மிக உறுதியான சான்று. அதை வட்டமிட்டு வையுங்கள்.

ஒரே ஆளை இருவர் இரு விதமாகக் குறிப்பிடுவதையும் இந்தப் படியிலேயே கண்டுகொள்ள வேண்டும். கதிர் ‘அப்பா வந்துச்சா’ என்கிறான். முனியம்மா ‘போயிருக்கான்’ என்கிறாள். ஒன்று அஃறிணை முடிவு, மற்றொன்று உயர்திணை ஆண்பால் முடிவு, குறிக்கப்படுபவர் ஒருவரே. பெற்றோரை ‘வந்துச்சு’, ‘சொல்லுச்சு’ என்று உரிமையோடு சொல்வது நம் பகுதி வீடுகளில் நாள்தோறும் கேட்பதுதான். விடைத்தாளில் அது ‘வந்தாரா’, ‘சொன்னார்’ என்று மாறியாக வேண்டும்.

நாடக வடிவில் பெயரும் முக்காற்புள்ளியும் இட்டுத் தரப்பட்ட பத்திகளில் இந்தப் படிக்கு வேலையே இல்லை. அங்கே பிறை அடைப்புக்குள் வரும் குறிப்புகளை விடாமல் படித்தால் போதும்.

மூன்றாம் படி: கேள்வியையும் அதற்கு வந்த மறுமொழியையும் இணைத்துப் பார்த்தல்

இந்த வழிகாட்டியின் மையப் பகுதி இதுதான். எட்டு விடை வகைகளையும் ஒரே கேள்வியை வைத்து நினைவுபடுத்திக்கொள்வோம். “கேரம் ஆட வருகிறாயா?” என்று ஒருவன் கேட்கிறான். “வருகிறேன்” என்றால் நேர்விடை. “வரமாட்டேன்” என்றால் மறைவிடை. “நீயே ஆடு” என்றால் ஏவல் விடை. “வராமல் இருப்பேனா?” என்றால் வினா எதிர் வினாதல். “கை வலிக்கிறது” என்றால் உற்றது உரைத்தல். “கை வலிக்கும்” என்றால் உறுவது கூறல். “கிரிக்கெட் ஆடுவேன்” என்றால் இனமொழி விடை. எட்டாவதான சுட்டு விடைக்கு மட்டும் வேறு கேள்வி வேண்டும். ராயபுரம் ரயில் நிலையத்துக்கு வழி எது என்று கேட்பவருக்கு, “இதோ, இந்தப் பக்கம்” என்று காட்டுவது அது.

சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள், மற்ற ஐந்தும் குறிப்பு விடைகள். தேர்வுத்தாள் தயாரிப்பவர் எளிய வினாக்களை நேரடி விடைகளிலிருந்தும், மாணவரின் திறனைச் சோதிக்கும் வினாக்களைக் குறிப்பு விடைகளிலிருந்தும் எடுப்பதே இயல்பு. ஆகவே பத்தியில் குறிப்பு விடை வரும் இடங்களிலெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, ‘இவர் சொல்லாமல் சொன்னது ஆமா, இல்லையா?’ என்று கேட்டுப் பாருங்கள்.

நம் பத்தியில் கதிர் கேட்பது, இன்றைக்கும் சங்கரா மீன்தானா என்பது. முனியம்மா ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. வஞ்சிரத்தின் விலையைக் கேட்டாயா என்று திருப்பிக் கேட்கிறாள். இது வினா எதிர் வினாதல். இதற்குள் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. ஆம், இன்றும் சங்கராதான் என்பது ஒன்று. வஞ்சிரம் வாங்கி விற்கும் அளவுக்கு விலை கட்டுப்படியாகவில்லை என்பது மற்றொன்று. ‘முனியம்மா வஞ்சிரம் வாங்காததற்குக் காரணம் என்ன?’ என்று இரண்டு மதிப்பெண் வினா வந்தால், விலை மிகுதி என்று எழுதுபவருக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கக்கூடும். பத்தியின் முதல் வரியில் உள்ள தடைக்காலத்தையும் அதோடு சேர்ப்பவருக்கு இரண்டும் கிடைக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாட்களில் நாட்டுப்படகு, ஃபைபர் படகு ஆகியவற்றின் மீன்கள் மட்டுமே ஏலத்துக்கு வருவதால் விலை ஏறுகிறது. காசிமேட்டுப் பிள்ளைக்கு இது வீட்டுச் செய்தி. மற்றவர்கள்கூட ‘தடைக்காலம்’, ‘போட்டு கட்டிக் கெடக்கு’ என்ற இரு தொடர்களை இணைத்தாலே படகுகள் ஓடவில்லை என்பதை ஊகித்துவிடலாம். ஆனால் 61 நாள் என்பதை விடையில் எழுதத் தேவையில்லை. பத்திக்கு வெளியிலிருந்து கொண்டுவரும் செய்தி எவ்வளவு சரியாக இருந்தாலும் அதற்கு மதிப்பெண் இல்லை.

அடுத்து, செல்வி கடனாக மீன் கேட்கிறாள். முனியம்மா “தருகிறேன்” என்று சொல்லவில்லை. உனக்கு எப்போதாவது இல்லை என்று சொல்லியிருக்கிறேனா என்று கேட்கிறாள். கேள்வி வடிவில் இருந்தாலும் இது முழு இசைவு. இதோடு, செல்வி முன்பும் இப்படிக் கடன் வாங்கியிருக்கிறாள், முனியம்மா மறுத்ததில்லை என்பதும் வெளிப்படுகிறது.

செல்வியின் “நான் சொல்லாட்டி நீ சொல்லுவியா?” என்ற மறுமொழியும் இவ்வாறே இரட்டைப் பொருள் கொண்டது. தேர்வுச் செய்தியைச் சொன்னது தான்தான் என்று அவள் ஒப்புக்கொள்கிறாள். நீ மறைத்திருப்பாய் என்றும் குத்திக் காட்டுகிறாள்.

வினாவின் வடிவமும் ஏமாற்றக்கூடும். “படிக்காம இங்க இன்னா பண்றே?” என்பது தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்ட அறியாவினா அன்று. அவன் என்ன செய்கிறான் என்பது அவள் கண்ணுக்கே தெரிகிறது. போய்ப் படி என்று ஏவுவதே அவள் நோக்கம்.

நான்காம் படி: சொல்லின் இறுதியில் ஒட்டியிருப்பவற்றைக் கவனித்தல்

தமிழில் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டாலே பொருள் திசைமாறும். ‘இன்னைக்கும்’ என்பதிலுள்ள உம்மை, நேற்றும் சங்கராதான் என்பதைத் தெரிவிக்கிறது. ‘தானா’ என்பதில் கதிரின் சலிப்பு தெரிகிறது. ‘பரிட்சையாமே’ என்பதிலுள்ள ‘ஆம்’, முனியம்மா இதைத் தானாக அறியவில்லை, யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள் என்று காட்டுகிறது. அந்த ‘யாரோ’ செல்வி என்பது ஆறு கூற்றுகளுக்குப் பிறகுதான் உறுதியாகிறது. இப்படித் தொலைவில் உள்ள இரண்டு வரிகளை இணைக்கச் சொல்லும் வினாவே தேர்வில் கடினமானது. ‘ஆம்’ வரும் இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டு வைத்துக்கொண்டு தொடர்ந்து படித்தால் அதுவும் பிடிபடும்.

‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு மற்றொன்று. ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளடக்கம். ‘நாங்கள்’ என்றால் அவர் நீங்கலாக. முனியம்மாவின் “நாம அப்புறம் பேசிக்கலாம்” என்பதில் யார் யார் அடங்குவர்? அடுத்த வாக்கியம் புத்தகத்தை எடு என்று கதிரை நோக்கி வருவதால், கேட்பவன் கதிர். ஆகவே முனியம்மாவும் கதிரும் என்பதே பாதுகாப்பான விடை. செல்வியும் அதில் அடங்குவாள் என்று சொல்லப் பத்தியில் சான்று இல்லை.

ஐந்தாம் படி: விளியும் மரியாதையும் மாறும் இடத்தைப் பிடித்தல்

கதிர் தன் ஆயாவை ‘நீ’ என்ற உரிமையில்தான் பேசுகிறான். செல்வியும் ‘போடு’ என்கிறாள். வட சென்னையில் இது நெருக்கத்தின் அடையாளம், அவமரியாதை அன்று. இங்கே வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனினும் கொடுக்கப்பட்ட நான்கு விடைகளுள் ‘மரியாதைக் குறைவு’ என்று ஒன்று இருந்தால், பாடப்புத்தகத்தின் ஒழுக்கத்தை எண்ணி அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

கவனிக்க வேண்டியது மரியாதை மாறும் இடம். “வாக்கா” என்று அழைத்தவன், சில வரிகளுக்குள் அக்கா என்ற சொல்லையே விட்டுவிட்டு “நீங்கதான் சொன்னீங்களா?” என்று கேட்கிறான். இவ்வினாவில் வெளிப்படும் உணர்ச்சி எது என்று கேட்டு, மரியாதை, மனத்தாங்கல், நன்றி, அச்சம் என நான்கு விடைகள் கொடுத்தால், ‘நீங்க’ என்பதைக் கண்டு மரியாதையைத் தேர்ந்தெடுப்பவர்களே அதிகம். உரிமையோடு பேசும் ஒருவரிடம் திடீரென்று மரியாதை கூடினால் உறவு தற்காலிகமாக விலகியிருக்கிறது என்று பொருள். விடை மனத்தாங்கல். மரியாதை குறைந்தால்தான் கோபம் என்று எண்ண வேண்டாம், கூடினாலும் கோபம்தான்.

இலக்கணத்தில் படித்த வழுவமைதியும், அதாவது பிழையாகத் தோன்றினாலும் ஒரு காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படும் வழக்கும், இங்கே உதவும். மகளைத் தாய் ‘வாடா கண்ணா’ என்று அழைத்தால் அது மகன் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வீட்டுக்குள் இருந்தபடியே ஒருவர் ‘இதோ வந்துவிட்டேன்’ என்றால் அவர் இன்னும் வரவில்லை.

ஆறாம் படி: பேசாத இடத்தைப் படித்தல்

“நாளைக்கு உனக்குப் பரிட்சையாமே” என்றதும் கதிர் சாக்கை உதறுகிறான், பிறகு அப்பாவைப் பற்றிக் கேட்கிறான். பதில் இல்லை, பேச்சும் மாறுகிறது. ‘கதிர் ஏன் பதில் சொல்லவில்லை?’ என்ற வினாவுக்கு, ‘தேர்வு இருப்பதை அவன் ஆயாவிடம் சொல்லாமல் இருந்தான், அது வெளிப்பட்டுவிட்டதால் பேச்சை மாற்றினான்’ என்று எழுதலாம். அதற்குச் சான்று, அவன் உடனே அப்பாவைப் பற்றிக் கேட்டதும் செல்வியின் இறுதிக் கூற்றும். ‘கதிர் படிப்பில் ஆர்வமில்லாதவன்’ என்று எழுதினால் அது எல்லை மீறிய ஊகம். அவன் கூடை தூக்க வருகிறேன் என்று சொன்னது ஆயாவின் மீதுள்ள அக்கறையாகவும் இருக்கலாம். அதேபோல், முனியம்மா அப்பாவை ‘அவன்’ என்ற முறையில் குறிப்பிடுவதால் அவர் அவளுடைய மகனாக இருக்கக்கூடும் என்று தோன்றலாம், ஆனால் பத்தி அதை எங்கும் உறுதிசெய்யவில்லை. விரல் வைத்துக் காட்ட ஒரு வரி இல்லாத எதையும் விடையாக எழுத வேண்டாம்.

ஏழாம் படி: விடையை எழுதுதல்

பத்தி பேச்சு வழக்கில் இருந்தாலும் விடை எழுத்து வழக்கில்தான் இருக்க வேண்டும். இன்னா, என்ன ஆகும். வுடு, விடு ஆகும். ஆவும், ஆகும் என மாறும். பேசியவரின் சொல்லை அப்படியே காட்ட விரும்பினால் அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டு, அதன்பின் உங்கள் வாக்கியத்தை எழுத்துத் தமிழில் முடியுங்கள்.

நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றச் சொல்லும்போது மேற்கோள் குறி நீங்கும். ‘நான்’ என்பது ‘தான்’ ஆகும். ‘இது’ ‘அது’ ஆகும். ‘இன்று’ ‘அன்று’ ஆகும். ‘நாளை’ ‘மறுநாள்’ ஆகும். “நாளைக்கு நானும் வரேன்” என்பது, ‘மறுநாள் தானும் வருவதாகக் கதிர் கூறினான்’ என்றாகிறது. ‘நான்’ என்பதை மாற்றிவிட்டு ‘நாளை’ என்பதை மறந்துவிடுவதே பெரும்பாலோர் செய்யும் பிழை. தன்மைப் பெயரையும் காலப் பெயரையும் ஒன்றாகவே தேடி மாற்றும் பழக்கம் வேண்டும்.

‘யார் யாரிடம் கூறியது’ என்ற வினாவுக்கு இரு பெயர்களையும் எழுதாமல் ஒன்றை மட்டும் எழுதி மதிப்பெண் இழப்பது தேவையற்றது. தலைப்பு கேட்டால், ஒருவரின் பெயரைத் தலைப்பாக இடுவதை விட, பேச்சு எதைச் சுற்றி வருகிறதோ அதை இடுங்கள். இப்பத்திக்கு ‘மறைத்த தேர்வு’ பொருந்தும். ‘மீன் வியாபாரம்’ பொருந்தாது.

வேற்று வட்டார வழக்கு வந்தால்

கொங்கு, நெல்லை, குமரி வழக்குகளில் அமைந்த பத்தி வந்தால் நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்தாக வேண்டியதில்லை. சொல்லின் முடிவைப் பார்த்தால் ஆணா பெண்ணா, நடந்ததா நடக்கப்போவதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ‘ஏலே’ என்பது விளி, ‘வாங்க’ என்பதோடு ஒட்டிவரும் ‘ங்க’ மரியாதை என்ற அளவில் கொண்டு மேலே செல்லலாம். மூன்றாம் படியில் சொன்ன கேள்வி-மறுமொழி இணைப்பு எல்லா வட்டாரத்துக்கும் ஒன்றே.

வீட்டில் செய்யும் பயிற்சி

பழைய வினாத்தாள்களைத் தீர்ப்பது நல்லது. எனினும் அதற்கு முன்பு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். பெற்றோருடன் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போகும்போது, கடைக்காரருக்கும் உங்கள் அம்மாவுக்கும் நடக்கும் பேரத்தில் பத்து வரிகளை மட்டும் நினைவில் வைத்து வந்து எழுதுங்கள். “நாற்பது சைஸ் சட்டை இருக்குதா?” என்பது, ஒன்றை வாங்குவதற்காகக் கேட்கும் கொளல் வினா. “இன்னா வெல?” என்று கேட்டதற்கு, “உங்களுக்கு வேணும்னா எடுங்க அக்கா, வெல பாத்துக்கலாம்” என்று வரும். அங்கே விலை சொல்லப்படவில்லை. அந்தப் பத்து வரிகளுக்கு யார் யாரிடம், என்ன வகை வினா, என்ன வகை விடை, சொல்லாமல் சொன்னது என்ன என்று நான்கு கட்டங்களை வரைந்து நிரப்புங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் இதில் உதவலாம். பிள்ளை ஒரு பத்தியை இரண்டு குரலில் வாய்விட்டுப் படிக்கட்டும். கேட்டுக்கொண்டிருப்பவர், ‘இப்ப பேசுனது யாரு? அவ எதுக்கு அப்படிச் சொன்னா?’ என்று இடையில் நிறுத்திக் கேட்டால் போதும். குரல் தவறிய இடத்தில்தான் புரிதலும் தவறியிருக்கும். பிள்ளை அந்த வரிக்குத் திரும்பிப் போய், விளியையும் சொல்லின் இறுதியையும் பார்த்து, மீண்டும் படிக்க வேண்டும்.